நாடி முப்பத்தாறு, மிக நன்று

“2009 ஜனவரி, முதலாவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன். மனைவியின் நாடி நிமிடத்துக்கு முப்பத்தாறு. மிக நன்று.”

என் குறிப்புக் கொப்பிகளில் எட்டாவதில் இப்படி எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். ‘மிக நன்று’ என்பதன் கீழே அடிமட்டம் வைத்துக் கோடும் கிழித்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. அவள் எந்த நேரத்திலும் விழுந்து எழும்பாமல் போயிருக்கக் கூடிய நாட்கள் அவை. நான் அவளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன்.

நீர்ப்பாசனக் காரியாலயத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். குளத்து நீர்மட்டம், பெய்த மழை, மதகு திறந்த நேரம், பூட்டிய நேரம் எல்லாவற்றையும் நாள் தவறாமல் பதிவதுதான் வேலை. அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மின்சாரம் நின்ற நேரம், ஊரடங்கு போட்ட நேரம், கிணற்றில் தண்ணீர் இறங்கிய அளவு, முற்றத்து மாமரம் பூத்த நாள், எதையும் விடமாட்டேன். ஆங்கிலத் தேதியையும் பிறைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். வழக்கமாக நடப்பதை மட்டும் எழுதுவதில்லை. மதகு பூட்டியே கிடந்த நாளில் ‘மாற்றமில்லை’ என்று ஒரு சொல் போட்டால் போதும் என்பது காரியாலயத்து முறை. அந்த முறைதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அப்படிக் கல்முனைக்கு வந்தவன் நான். மனைவியின் தங்கையை முடித்தவரும் அதே வளவுக்குள் வந்து சேர்ந்தார். சகலன் என்றாலும் என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்பார், மனைவியை மைத்துனி முறையில் ‘மச்சி’ என்பார். அவருக்கு இறக்காமத்தில் தாய் வழி வயலும், ஊரில் அரிசி ஏற்றுகிற ஒரு வேனும் இருந்தன. எனக்கு இருந்தவை கொப்பிகள். ஒரு கிணற்றையும் ஒரு மதிலையும் பங்குபோட்டுக்கொண்டு, தினமும் ஒருவரையொருவர் கிண்டலடித்தே நாங்கள் வாழ்ந்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுநிலாப் போயா நாள். அன்று காலையில் கடல் வந்தபோது நாங்கள் யாருமே வளவில் இல்லை. முதல் நாள் சகலனின் உம்மா வீட்டுக்கு இறக்காமம் போயிருந்தோம். யானை வயலுக்குள் இறங்கி வேலியைப் பிய்த்துவிட்டது, வந்து காலடியைப் பாருங்கள், குளத்து மீனும் ஆக்கித் தருகிறோம் என்று சொல்லி வேன் நிறைய ஏற்றிக்கொண்டு போனார். குளத்து மீனுக்கு ஆசைப்பட்ட பதினொரு பேர் உயிரோடு இருந்தோம். வீடுகள் இரண்டும் இல்லை. மதில் இல்லை. கிணறு மணலால் மூடியிருந்தது. பக்கத்து வளவுகளில் இருந்தவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அதற்கென்று தனிக் கொப்பி இருக்கிறது.

அந்த மாதத்திலிருந்து மனைவி ஒரு காரியம் செய்யத் தொடங்கினாள். பிறை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து ஆகிய மூன்று நாளும் நோன்பு பிடிப்பது. வெள்ளை நாட்கள் என்று சொல்வார்கள், முழு நிலாக் காலம். கட்டாயமில்லாத, விரும்பிப் பிடிக்கிற நோன்பு. கடல் வந்தது நிலாப் பதினான்கை ஒட்டி. பதினொரு பேரையும் திருப்பித் தந்ததற்கு அந்த நாளிலேயே நன்றி சொல்ல வேண்டும் என்றாள். மாதம் மூன்று நாள், மார்க்கம் தடுத்த நாட்களைத் தவிர ஒன்றுகூடத் தவறாமல், நான்கு வருடத்துக்கு மேல் பிடித்தாள். தவறாமல் நடந்தது என்பதால் நான் அதை ஒரு தடவைகூட எழுதவில்லை.

2007 ஹஜ்ஜுப் பெருநாளன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். பழைய புத்தகக் கடையொன்றில் பெரிய வைத்திய நூல் ஒன்று வாங்கியிருந்தேன். நாடி பார்ப்பது எப்படி என்று அதில் படம் போட்டிருந்தது. கைக்கடிகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு வீட்டாரை வரிசையில் உட்காரவைத்தேன். சகலனுக்கு எண்பத்தெட்டு. அவருடைய மனைவிக்கு எழுபத்தாறு. எனக்கு எழுபது. என் மனைவிக்கு நாற்பத்துநான்கு. பிழையாக எண்ணிவிட்டேனோ என்று மூன்று தரம் எண்ணினேன். நாற்பத்துநான்குதான்.

அந்த நூலில் ஒரு வரி இருந்தது. நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களின் இதயம் மெதுவாக, பலமாக அடிக்கும் என்று. வேறு எங்கோ, மெதுவாக நாடி அடிக்கிற மிருகங்கள் நீண்ட காலம் வாழும் என்றும் வாசித்திருந்தேன். இரண்டையும் சேர்த்துச் சபையில் விளக்கினேன்.

சகலன் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்ப மச்சிட நெஞ்சு அரைவாசி வேலைதான் செய்யிது. என்ட நெஞ்சப் பாருங்க காக்கா, ரெண்டு மடங்கு உழைக்கிது.”

“உங்களிட்ட உழைக்கிறது அது மட்டுந்தான்,” என்றாள் என் மனைவி, கோப்பைகளை அடுக்கிக்கொண்டே.

அவளுடைய தங்கை சிரித்த சிரிப்பில் சகலன் வேனைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மனைவியின் நாடியை எண்ணி எழுதினேன். நாற்பத்துநான்கு நாற்பதானது. நாற்பது முப்பத்தெட்டானது. குறையக் குறைய எனக்குப் பெருமை கூடியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று அவள் சொன்னாள். இரண்டு வருடம் கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் இருந்து, பிறகு ஊருக்கு உள்ளே தங்கை குடும்பத்தோடு ஒரே வளவில் கட்டிக்கொடுத்த வீட்டில் குடியேறி, இரண்டு மகள்மாரின் படிப்பையும் பார்த்தவள். களைப்பில்லாமல் இருக்குமா என்று நினைத்தேன்.

முதலாவது தரம் அவள் விழுந்தது 2008 பெப்ரவரி, பிறை பதினான்கு, அஸர் தொழுகைக்குப் பிறகு நாலு மணி பத்து நிமிடம். துவைகல்லடியில் நின்றவள் “கண்ண இருட்டுது” என்றாள். அவ்வளவுதான். நிற்கிற ஆளை யாரோ கீழிருந்து இழுத்ததுபோல் சரிந்தாள். முகத்தில் நிறமே இல்லை. கைகள் இரண்டும் ஒரு தரம் வெட்டி இழுத்தன. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்து மூன்று தரம் கூப்பிடுவதற்குள் கண் திறந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

“என்னத்துக்கு எல்லாரும் நிக்கிறீங்க?”

“விழுந்திட்டாய் புள்ள.”

“வாயில தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?” என்று கேட்டாள், பயந்துபோய். “மணி மூணு போனா நோம்ப முறிக்க மனம் வராது எனக்கு. இன்னும் ரெண்டு மணித்தியாலந்தான்.”

இதை அவள் என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினேன். கீழே பிறையை எழுதினேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுதினேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த வருத்தத்துக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. தலை சுற்றினால் சுனாமிப் பயம், பசி இல்லை என்றால் சுனாமிப் பயம், பரீட்சையில் பிள்ளை குறைந்த புள்ளி எடுத்தால் அதுவும் சுனாமிப் பயம். அது பொய்யும் இல்லை, அத்தனை பேரும் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்கள். ஆகையால் மனைவி விழுந்ததும் வளவில் எல்லாரும் அதையே சொன்னார்கள். சகலன் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டி வந்து தண்ணீர் ஓதிக் கொடுக்கச் சொன்னார். லெப்பை நிதானமான மனிதர். ஓதி முடித்துவிட்டு, “இதையும் குடிங்க, ஆஸ்பத்திரிக்கும் காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சபையில் புத்தியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஜூனில் ஒரு தரம் விழுந்தாள், பிறை பதினைந்து. அக்டோபரில் ஒரு தரம், பிறை பதினான்கு. மூன்றும் பின்னேரம். நான் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் ஒழுங்கு தெரிந்தது. முழு நிலா. கடல் பொங்குகிற நாட்கள். கடல் வந்ததும் போயாவில்தானே. நிலா முழுசாகும்போது அவளை அறியாமலே உடம்பு கடலை நினைக்கிறது, பயத்தில் விழுகிறது என்று எழுதினேன். மூன்று பக்கம். நல்ல நடை என்று எனக்கே தோன்றியது.

அவளைத் தனியார் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனபோது அந்த மூன்று பக்கத்தையும் கொண்டுபோனேன். அவர் வாய் திறக்கு முன் நான் நோயையும் சொல்லி, காரணத்தையும் சொல்லி, அட்டவணையையும் மேசையில் விரித்துவிட்டேன். நாடியைப் பற்றிக் கேட்டார். “மிக நல்ல நாடி” என்றேன். வெளியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் அந்த வருடத் தொடக்கத்திலேயே தான் எழுதிக் கொடுத்திருந்த, சிறுநீர் நன்றாகப் போகிற குளிசையையே தொடரச் சொன்னார். அதை அவள் காலையில் போடுவாள். நோன்பு நாளில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போதே போட்டுவிடுவாள். பிறகு பொழுது படும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2009 மே மாதம், வெசாக் முடிந்த கையோடு, நான்காவது தரம் விழுந்தாள். வெள்ளை நாட்களில் இரண்டாவது நாள், பின்னேரம். இந்தத் தரம் கண் திறக்க நேரமெடுத்தது. திறந்து, என்னைப் பார்த்து, ஏதோ கேட்க வாயெடுத்து மறுபடியும் போனாள். அவளுடைய தங்கை அலறியதில் சகலன் வேனைக் கொண்டுவந்து வாசலில் மோதியே நிறுத்தினார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்து எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத் துடிப்பை எழுதுகிற கடதாசியை எடுத்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. “இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?” என்று கேட்டார். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குச் சேதி போகிற வழி முற்றாக அடைபட்டிருக்கிறது, கீழ் அறை தன்பாட்டில் முப்பது சொச்சம் துடிப்பை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது என்றார். சேலைன் ஏற்றி, இரண்டு நாள் வைத்துப் பார்த்து, பேஸ்மேக்கர் வைக்கவேண்டும் என்று கண்டிக்கு அனுப்பினார்கள்.

அம்புலன்ஸில் அவளோடு தங்கை ஏறினாள். சகலனும் நானும் வேனில் பின்னால் போனோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அம்புலன்ஸை விட்டுவிட்டு எங்களை மறித்தார்கள். வடக்கில் சண்டை முடிகிற தறுவாய். எல்லாச் சாவடியிலும் கெடுபிடி. என் பையைக் கொட்டினார்கள். கொப்பி வெளியில் வந்தது. ஒரு சிப்பாய் அதை விரித்தான். தேதி, நேரம், நிலா, காற்றுத் திசை, ‘விழுந்தது’. தேதி, நேரம், நிலா, காற்றுத் திசை, ‘விழுந்தது’.

அவனுக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தெரிந்திருந்தது. அதுதான் வினையாகிப் போனது.

“நாலு பத்துக்கு என்ன விழுந்த?” என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், சீமாட்டிக்கும் மனைவிக்கும் சொல்கிற ஒரு சொல்தான் வந்தது. “நோனா.”

“எந்த நோனா?”

“இவர்ட நோனாதான்,” என்றார் சகலன் பக்கத்திலிருந்து. “நாலு தரம் விழுந்திட்டாங்க. அம்புலன்ஸில முன்னுக்குப் போறாங்க. இவர் ஓடிப் புடிக்கிறதில்ல, எழுதுறாரு.”

சிப்பாய் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினார். வெள்ளிக்கிழமை நாடிக் கணக்குகளில் வந்து நின்றார். இது என்ன என்று கேட்டார். கையைப் பிடித்து எண்ணுவது என்று சைகை காட்டினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு இடது கையை நீட்டினார். நான் எண்ணினேன். எழுபத்திரண்டு. ‘நல்லம்’ என்று சொன்னேன். சிப்பாயும் கையை நீட்டினான். சகலன் பல்லைக் கடித்துக்கொண்டு, “சாவடி முழுக்க எண்ணி முடிக்கப் போறீங்களா காக்கா, மச்சி அங்க காத்திருக்கா” என்றார். எங்களை விட்டுவிட்டார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வார்டுக் கதவு பூட்டியிருந்தது. மனைவியின் தங்கை வெளியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளே கொண்டுபோய் மெஷினில் பூட்டிக் கொஞ்ச நேரத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் ராத்தாவுக்கு மறுபடி வந்துவிட்டது, நெஞ்சில் கரண்ட் வைக்க ஓடினார்கள், வைக்கு முன்னமே தானாக நின்றதாம் என்றாள். எவ்வளவு நேரம் வெளியில் நின்றோம் என்பது என் கொப்பியில் இல்லை. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

கடைசியில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். சிங்களவர். மட்டக்களப்பில் மூன்று வருடம் வேலை செய்தவராம். எங்கள் தமிழையே பேசினார்.

“ஐயா, பயப்பட வேணாம். இப்ப தற்காலிகமா ஒரு வயர் போட்டு நெஞ்ச வேகமா ஓட வெச்சிரிக்கம். மெக்னீசியமும் ஏத்தியிரிக்கம். இனி வராது எண்டுதான் நினைக்கன்.”

அவர் கையில் ஒரு நீளக் கடதாசி இருந்தது. காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டினார். நீர்மட்ட வரைபடங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே விளங்கியது. ஒரு துடிப்பு. நீண்ட வெளி. இன்னொரு துடிப்பு. அதைவிட நீண்ட வெளி. பிறகு நேரங்கெட்ட நேரத்தில் ஒரு துடிப்பு, அதிலிருந்து தொடங்கி அலை அலையாக, பெருத்தும் சிறுத்தும், ஒரு கயிற்றை முறுக்கியதுபோல் கடதாசி நெடுக ஓடியிருந்தது. பிறகு திடீரென்று நின்று, மறுபடியும் பழைய துடிப்பு.

“இந்த முறுக்குத்தான் ஆள விழுத்துறது,” என்றார். “இதில இதயம் ரெத்தம் தள்ளாது, சும்மா நடுங்கும். தானா நிண்டா ஆள் எழும்பும். நிக்காட்டி எழும்பாது.”

“டொக்டர், அவவுக்கு நாடி மெதுவாத்தானே அடிக்கிது. இது இவ்வளவு வேகமா ஓடுதே. மெதுவான நெஞ்சுக்கு எப்பிடி இந்த வேகம் வரும்?”

“மெதுவா இருக்கிறதாலதான் வருது,” என்றார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் தசை அடுத்ததற்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று விளக்கினார். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி நீண்டுபோனால் அந்தத் தயாராகும் நேரமும் நீளும், எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் நீளாது. ஓரிடம் தயார், பக்கத்து இடம் தயாரில்லை. அந்த நேரம் பார்த்து எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு துடிப்பு முந்திக் கிளம்பினால், போகிற வழியில் பாதி திறந்தும் பாதி பூட்டியும் கிடக்கிறபடியால், அது சுற்றிச் சுழலத் தொடங்கிவிடும். இரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் என்கிற உப்புகள் குறைந்திருந்தால் இன்னும் மோசம்.

எனக்கு இதைக் கேட்கக் கேட்க வேறொன்று கண்ணில் தெரிந்தது. வயலுக்குத் தண்ணீர் முறை வைத்துத் திறக்கிறோம். நாலு நாளைக்கு ஒரு தரம் திறந்தால் வாய்க்கால் நெடுக ஒரு சண்டையும் இல்லை. முறை பிந்திவிட்டால் ஒரு வயல் காய்ந்துவிடும், பக்கத்து வயலில் இன்னும் ஈரம் நிற்கும். காய்ந்த வயல்காரன் ஒருத்தன் பொறுக்க மாட்டாமல் முந்திப்போய் வரம்பை வெட்டுவான். தண்ணீர் ஈரமான பக்கம் போகாது, காய்ந்த பக்கத்தால் சுற்றிக்கொண்டு வரும். அதைக் கண்டு மற்றவன் வெட்டுவான். கொஞ்ச நேரத்தில் தண்ணீரெல்லாம் வட்டம் சுற்றும், கடைசி வயலுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. இதற்கு மருந்து, போய்ச் சண்டை பிடிப்பதல்ல. முறையைச் சுறுக்காகத் திறப்பதுதான். யாருக்கும் மண்வெட்டியைத் தூக்க நேரம் கிடைக்காது.

இதை அவரிடம் சொன்னேன். அவர் கடதாசியைச் சுருட்டியபடி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“சரிதான் ஐயா. அதத்தான் வயர் போட்டுச் செய்திரிக்கம். ஆனா உங்கட கமக்காரர் கோவத்தில வெட்டுறாங்க. நெஞ்சுக்குக் கோவமெல்லாம் தெரியாது.”

பிறகு, முன்பு விழுந்த நாட்கள் நினைவிருக்கிறதா என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல் கொப்பியை எடுத்து நீட்டினேன். சகலனையும் என்னையும் உள்ளே மனைவியின் கட்டிலடிக்குக் கூட்டிப்போனார். அவள் கழுத்துப் பக்கத்தில் வயர் ஓட, மெஷின் எழுபது என்று காட்ட, கண் திறந்து படுத்திருந்தாள். டாக்டர் அட்டவணையை மேலிருந்து கீழே வாசித்தார்.

“எல்லாம் பிறை பதினாலு, பதினஞ்சு. எல்லாம் பின்னேரம். இந்த நாளில வீட்டில வேற என்ன நடக்கிற?”

நான் நிலாவைப் பற்றித் தொடங்கினேன். கட்டிலிலிருந்து ஒரு சொல் வந்தது.

“நோம்பு.”

டாக்டர் திரும்பினார். அவள் எல்லாவற்றையும் நாலு வசனத்தில் சொன்னாள். மூன்று நாள் நோன்பு, சஹர் நேரத்துக் குளிசை, பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை, பின்னேரமானால் கெண்டைக்கால் இழுக்கும். டாக்டர் குளிசையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தக் குளிசை தண்ணீரோடு பொட்டாசியத்தையும் வெளியே கொண்டுபோகும் என்றார்.

அவர் போன பிறகு மனைவி என்னைப் பார்த்தாள்.

“நான் நோம்பு புடிக்கிறது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“சஹருக்கு என்னோட எழும்பித் தேத்தண்ணி குடிச்சது ஆரு?”

“நான்தான்.”

“அப்ப காத்து அடிச்ச பக்கமெல்லாம் எழுதின ஆள் இதை ஏன் எழுதல்ல?”

“அது எப்பவும் நடக்கிறதுதானே புள்ள.”

“நானும் எப்பவும் இரிக்கிறவதானே,” என்றாள். “அதனாலதான் கொப்பியில என்ட பேரும் இல்ல, விழுந்தது எண்டு மட்டும் இரிக்கி.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க முயன்றபோது வேறு ஏதோ வந்தது. முகத்தைத் துடைக்க அவளுடைய முந்தானைதான் கிடைத்தது.

பேஸ்மேக்கர் வைத்தது அடுத்த கிழமை, மே 19, செவ்வாய்க்கிழமை. தோளுக்குக் கீழே தோலுக்குள், ஒரு தீப்பெட்டி அளவில். மயக்கமெல்லாம் கொடுக்கவில்லை, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள். வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் வெளியே வெடிச் சத்தம் தொடங்கியது. மனைவி என் கையைப் பிடித்தாள்.

“என்ன சத்தம்?”

“பட்டாசு. சண்டை முடிஞ்சிட்டாம்.”

“நல்ல வேளை. பெட்டிதான் பிழைச்சிப் போய் வெடிக்கிது எண்டு நினைச்சிட்டன்.”

வார்டில் வெற்றிக்குப் பாற்சோறு கொண்டுவந்தார்கள். சிங்களப் பெண்கள் கட்டில் கட்டிலாகப் போய்க் கொடுத்தார்கள், எங்களுக்கும் சிரித்த முகத்தோடு தந்தார்கள். அடுத்த கட்டிலில் பெரியநீலாவணையைச் சேர்ந்த ஒரு தமிழ் அம்மா இருந்தார், வால்வு சத்திரசிகிச்சைக்கு வந்தவர். அவருடைய தங்கை குடும்பம் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தது. அவரும் வாங்கினார். மூடியால் மூடி வைத்தார். மனைவி தன்னுடையதையும் சாப்பிடாமல் அப்படியே மூடி வைத்தாள். பின்னேரம் இருவரும் என் பிளாஸ்கிலிருந்த இஞ்சித் தேநீரைப் பங்குபோட்டுக் குடித்தார்கள். சண்டை முடிந்ததில் எனக்குச் சந்தோசம் இருந்தது. சோதனைச் சாவடி இல்லாத ஒரு வீதியை நினைத்துப் பார்த்தேன். ஆனால் அந்த மூடியைத் திறந்து சாப்பிடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இனி வெள்ளை நாட்களில் நோன்பு பிடிக்கலாமா என்பதுதான். கண்டிக்குத் திரும்பிக் காட்டப் போனபோது அதை டாக்டரிடமே கேட்டாள். குளிசையை மாற்றியாயிற்று, நெஞ்சும் இனி அறுபதுக்குக் கீழே இறங்காது, இரத்தம் பார்த்துவிட்டுப் பிடியுங்கள், தலை சுற்றினால் உடனே முறியுங்கள் என்றார். அந்த வருடம் துல்கஃதா மாதத்திலிருந்து மறுபடியும் பிடித்தாள். முதல் நாள் அஸர் முடிந்ததும் வளவில் இருந்த எல்லாருக்கும் துவைகல்லடியில்தான் ஏதோ வேலை வந்தது. சகலன் வேனையே அங்கு கொண்டுவந்து கழுவினார்.

“என்ன எல்லாரும்? படம் ஓடப்போகுதா?” என்றாள் அவள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மஃரிபுக்குப் பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தாள்.

பிறகு மூவருக்கும் நடந்த வாக்குவாதம் இன்றுவரை தீரவில்லை. சகலன், என்ன இருந்தாலும் கடல் பயம்தான் தொடக்கம் என்கிறார். நான், நோன்பும் குளிசையும் சேர்ந்து உப்பைக் குறைத்ததுதான் மெதுவான நெஞ்சை முறுக்கில் தள்ளியது என்று எழுதி வைத்திருக்கிறேன். மனைவிக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. “நோம்புக்குப் பழி போடாதீங்க. கண்டியில நான் நோம்போடயா இருந்த? அங்கயும்தானே வந்திச்சி,” என்கிறாள். டாக்டரிடம் கேட்டபோது, நாடி அவ்வளவு மெதுவானால் அது ஒன்றே போதும், உப்புக் குறைவது அதைக் கூட்டியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவரிடமும் ஆதாரம் இல்லை.

கண்டியில் எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம்தான் குறைவாக இருந்தது. ஆனால் அது இரண்டு நாள் சேலைன் ஏற்றிய பிறகு எடுத்தது. விழுந்த நான்கு நாட்களில் ஒன்றிலும், அந்தப் பின்னேரத்தில், எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில்கூட, யாரும் அவளுடைய இரத்தத்தை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல வேண்டியவன் நான். எனவே நோன்பு நாட்களில் பொட்டாசியம் எவ்வளவு இருந்தது என்பது தெரியாது. நான் எழுதிய காரணம் இன்னும் சரிபார்க்கப்படாதது.